கார்டு பாயிண்ட் யார் வீட்டுக் காசு? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல கிரெடிட் கார்டு பத்திதான். அதுலயும் வெளிநாட்டு வாசகர்கள் எல்லாருக்கும் ஒரே புலம்பல், அந்த ஊர்ல அவ்வளவு தர்றான் இந்த ஊர்ல ஏன் தரமாட்டேங்கிறான்னு. அதனால இந்த வாரம் வேற சப்ஜெக்ட் எதுவும் இல்ல, முழுக்க கார்டுதான்.

ஈஸ்ட்ஹாம், லண்டன் வாசகர்: என் தம்பி நியூ ஜெர்சியில இருக்கான். எதை வாங்கினாலும் 2% கேஷ்பேக் வருதாம், கார்டு எடுத்த புதுசுல குடுத்த போனஸ் பாயிண்ட்லயே சென்னைக்கு டிக்கெட் போட்டுட்டான். எனக்கு இங்க 0.25% கிடைச்சாலே பெரிய விஷயம். ரெண்டு பேர் கார்டுலயும் அதே விசா முத்திரைதான். இங்க இருக்கற பேங்க்காரன் கஞ்சனா, இல்ல நான்தான் தப்பான கார்டு வச்சிருக்கேனா?

பேங்க்காரன் கஞ்சன்தான், ஆனா இந்த விஷயத்துல பாவம் அவன்கிட்ட குடுக்க காசு இல்ல. நீங்க கடையில 100 பவுண்டுக்கு கார்டு தேய்ச்சா கடைக்காரர் கைக்கு முழு 100 போகாது, ஒரு கமிஷன் புடிச்சுக்கிட்டுதான் போகும், அந்தக் கமிஷன்ல பெரிய பங்கு உங்களுக்கு கார்டு குடுத்த பேங்க்குக்கு வரும், அதுக்குப் பேரு இன்டர்சேஞ்ச். பாயிண்ட், கேஷ்பேக், ஏர்போர்ட் லவுஞ்ச் எல்லாத்துக்கும் முக்கியமான ஊத்து இதுதான். இந்த இன்டர்சேஞ்சுக்கு ஐரோப்பிய யூனியன் 2015 டிசம்பர் 9-லருந்து உச்சவரம்பு போட்டுச்சு, டெபிட் கார்டுக்கு 0.2%, கிரெடிட் கார்டுக்கு 0.3%. யூனியனை விட்டு வெளிய வந்த பிறகும் பிரிட்டன் அந்த வரம்பை உள்நாட்டு செலவுக்கு அப்படியே வச்சுக்கிச்சு. ஆக நீங்க 100 பவுண்டு செலவு பண்ணா பேங்க்குக்கு வர்றது 30 பென்ஸ், அதுல உங்களுக்கு 25 பென்ஸ் குடுத்துட்டான்னா அவனுக்கு மிச்சம் 5 பென்ஸ், கணக்கு அவ்வளவுதான். உங்க தம்பி ஊர்ல கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கு அரசாங்க வரம்பே கிடையாது, சுமாரா 2% வரைக்கும் போகும், பிரீமியம் கார்டுன்னா அதுக்கு மேலயும் போகும். அப்படி வர்றதுல 2% தூக்கி குடுக்கறது பெரிய தியாகம் ஒண்ணும் இல்ல.

அப்ப லண்டன்ல ஆமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) மட்டும் எப்படி நல்லா தர்றான்னு அடுத்து கேப்பீங்க. அவனே கார்டு குடுக்கறான், கடைக்காரர்கிட்ட கமிஷன் வாங்கறதும் அவனே, நடுவுல இன்னொரு பேங்க்குக்கு காசு போகாததால இன்டர்சேஞ்ச்ங்கற பேச்சுக்கே இடமில்ல, சட்டம் அவனை விட்டுருச்சு. வேற பேங்க் மூலமா ஆமெக்ஸ் கார்டு குடுத்தா மட்டும் வரம்புக்குள்ள வந்துருவான். உங்க ஏரியா மளிகைக் கடையில ஆமெக்ஸை நீட்டினா "நோ ஆமெக்ஸ்"ங்கறாங்களே, அந்த எரிச்சலும் இதே கமிஷனாலதான். நீங்க வச்சிருக்கறது தப்பான கார்டெல்லாம் இல்ல, உங்க ஊர் சட்டம் வேற, தம்பி ஊர் சட்டம் வேற.

டல்லாஸ் வாசகி: இங்க கிரெடிட் கார்டுக்கு அள்ளி அள்ளி தர்றாங்க, அதே பேங்க்கோட டெபிட் கார்டுக்கு ஒரு பைசா கிடையாது. ஏன்?

2010-ல வந்த டாட்-ஃபிராங்க்ங்கற நிதித்துறை சீர்திருத்தச் சட்டத்துல செனட்டர் டிக் டர்பின் ஒரு திருத்தம் சேர்த்தார், டர்பின் அமென்ட்மென்ட்னே அதுக்குப் பேரு. 1000 கோடி டாலருக்கு மேல சொத்து இருக்கற பேங்க்குங்க டெபிட் கார்டுக்கு ஒரு தடவைக்கு 21 சென்ட், அதோட பில் தொகையில 0.05%, இதுக்கு மேல வாங்கக் கூடாது, மோசடித் தடுப்பு பண்ணியிருந்தா இன்னும் ஒரு சென்ட் உண்டு. 2011 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு. பெரிய பேங்க்ல டெபிட் ரிவார்டு அத்தோட காலி. அதோட விட்டாங்களா, வரும்படி போச்சேன்னு பேங்க் ஆஃப் அமெரிக்கா டெபிட் கார்டு யூஸ் பண்றதுக்கு மாசம் 5 டாலர்னு அறிவிச்சாங்க, ஜனங்க போட்ட கூச்சல்ல நவம்பர் முதல் தேதியே வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா மினிமம் பேலன்ஸ், மாச சார்ஜ்னு அங்க இங்க ஏத்திதான் எடுத்தாங்க. கடைக்காரங்களுக்கு கமிஷன் குறைஞ்சதே, சாமான் விலை குறைஞ்சுதான்னா பில்லுல பார்த்து சொல்ற மாதிரி குறையல.

இதே டர்பினும் கன்சாஸ் செனட்டர் ரோஜர் மார்ஷலும் சேர்ந்து 2022-ல கிரெடிட் கார்டுக்கும் ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, பெரிய பேங்க் கார்டுல விசா, மாஸ்டர்கார்டு தவிர இன்னொரு நெட்வொர்க்கும் இருக்கணும், எந்த வழியில அனுப்பறதுன்னு கடைக்காரர் தேர்ந்தெடுக்கலாம்னு. பேங்க்கை விட ஏர்லைன்ஸ்தான் அதிகமா துடிச்சுது. ஏன்னா டெல்டா 2023-ல ஆமெக்ஸ்கிட்ட இருந்து மட்டும் கிட்டத்தட்ட 680 கோடி டாலர் வாங்கியிருக்கு, பாயிண்ட் வித்த காசு. பிளேன் ஓட்டி சம்பாதிக்கறதை விட பாயிண்ட் வித்து சம்பாதிக்கறதுதான் சுகம்னு ஏர்லைன்ஸ்காரங்களுக்கு எப்பவோ புரிஞ்சு போச்சு. இந்த மசோதா நிறைவேறிட்டா பாயிண்ட் எல்லாம் போயிரும்னு உங்களுக்கு மெயில் வந்திருக்குமே, யார் அனுப்புனதுன்னு அடுத்த தடவ பாருங்க.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: நான் கார்டே வச்சுக்கல. எல்லாம் ரொக்கம்தான். இந்த பாயிண்ட் விவகாரத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லதானே?

இருக்கு சார், நீங்கதான் இதுல முக்கியமான ஆளே! கடைக்காரர் கார்டு கமிஷனை எங்க இருந்து எடுப்பார், சாமான் விலையில இருந்துதான். கார்டு ஆளுக்கு ஒரு விலை, ரொக்க ஆளுக்கு ஒரு விலைன்னு பெரும்பாலான கடையில கிடையாது, விலை ஒண்ணுதான். கார்டுக்காரருக்கு அதுல கொஞ்சம் பாயிண்ட்டா திரும்பி வருது, உங்களுக்கு எதுவும் வரல. கல்யாண வீட்டுல மொய் எழுதிட்டு பந்தியில உக்காராம வீட்டுக்கு வர்ற மாதிரிதான். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் பேங்க் பொருளாதார நிபுணர்கள் 2010-ல அமெரிக்காவுக்கு ஒரு கணக்கு போட்டாங்க, சராசரியா ஒரு ரொக்கக் குடும்பம் வருஷத்துக்கு 149 டாலர் கார்டு குடும்பங்களுக்கு குடுக்குது, ஒரு கார்டு குடும்பத்துக்கு 1,133 டாலர் வந்து சேருதுன்னு. வருமானத்தை வச்சுப் பிரிச்சா இன்னும் கசப்பு, வருஷ வருமானம் 20,000 டாலருக்குக் கீழ இருக்கற குடும்பம் 21 டாலர் குடுக்குது, 1,50,000 டாலருக்கு மேல இருக்கற குடும்பத்துக்கு 750 டாலர் கிடைக்குது. இல்லாதவன்கிட்ட இருந்து இருக்கறவனுக்கு.

நம்ம ஊர்ல யுபிஐ வந்த பிறகு கதை கொஞ்சம் மாறிப் போச்சு. 2020 ஜனவரி 1-லருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரர் கமிஷன் பூஜ்யம்னு சட்டம். அப்ப அந்த செலவு யார் தலையில? பேங்க் தலையில, கொஞ்சம் அரசாங்கத்து தலையில. 2024-25-க்கு சின்னக் கடைகள்ல நடக்கற 2,000 ரூபாய் வரைக்குமான யுபிஐக்கு 0.15% ஊக்கத்தொகைன்னு மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் ஒதுக்குச்சு. அதாவது வரிப் பணம் சார், அதுலயும் உங்க பங்கு உண்டு.

சிட்னி வாசகர்: இங்க காபி குடிச்சாக் கூட 1.5% சர்சார்ஜ் போடறான். பாயிண்டும் முன்ன மாதிரி இல்ல. ரெண்டு பக்கமும் அடி. இதுக்கு ஒரு முடிவே இல்லையா?

உலகத்துலயே இதை முதல்ல கையில எடுத்த நாடுகள்ல ஆஸ்திரேலியா ஒண்ணு, அதனால இந்தக் கதையை முழுசா ஒருதடவ பார்த்துரலாம், மத்த நாட்டுக்காரங்களும் படிங்க.

2003-ல அங்க ரிசர்வ் பேங்க் ரெண்டு காரியம் பண்ணுச்சு. சராசரியா 0.95% இருந்த கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சை சுமாரா 0.55%க்கு இறக்குச்சு. கார்டு செலவை கஸ்டமர்கிட்டயே சர்சார்ஜா வாங்கிக்கலாம்னு கடைக்காரருக்கும் பெர்மிஷன் குடுத்துச்சு, அதுக்கு முன்னாடி விசா, மாஸ்டர்கார்டு ரூல்ல அது கூடாது. பாயிண்ட் உடனே அடி வாங்குச்சு. 100 டாலர் வவுச்சர் வாங்க முன்ன சுமார் 12,400 டாலர் செலவு பண்ணா போதும், மூணு நாலு வருஷத்துல அது 16,000 டாலர் ஆயிருச்சு. வருஷக் கட்டணமும் ஏறுச்சு.

பேங்க்குங்க சும்மா இருக்குமா, சட்டம் விசா மாஸ்டர்கார்டைத்தானே கட்டிப் போட்டிருக்குன்னு ஆமெக்ஸோட கூட்டு சேர்ந்து ஒரே கணக்குக்கு ரெண்டு கார்டு குடுத்தாங்க. கவரைப் பிரிச்சா ஒரு விசா, ஒரு ஆமெக்ஸ், பில் ஒண்ணுதான், ஆனா ஆமெக்ஸை நீட்டினா பாயிண்ட் அதிகம். கம்பேனியன் கார்டுன்னு சொல்வாங்க, பழைய ஆளுங்க வச்சிருந்திருப்பீங்க. கடைக்காரருக்கு ஆமெக்ஸ் கமிஷன் அதிகம், ரிசர்வ் பேங்க் எதைக் குறைக்கணும்னு நினைச்சுதோ அதே செலவு பின்வாசல் வழியா திரும்ப வந்துருச்சு. கவனிக்க அவங்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு, 2017 ஜூலை 1-லருந்து கம்பேனியன் கார்டையும் அதே வரம்புக்குள்ள கொண்டு வந்தாங்க. பெரிய பேங்க்குங்க ஒவ்வொண்ணா அந்தக் கார்டையே நிறுத்திட்டாங்க. எந்த ஒரு கார்டுக்கும் 0.80%க்கு மேல போகக் கூடாதுன்னும் அப்பதான் போட்டாங்க.

சர்சார்ஜ் விஷயத்துல, கடைக்காரருக்கு ஆகற செலவுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு பெரிய கடைகளுக்கு 2016-லயும் மத்தவங்களுக்கு 2017-லயும் விதி வந்துச்சு, ஏசிசிசி-கிட்ட (நுகர்வோர் விஷயத்தைக் கவனிக்கற அரசு அமைப்பு) புகார் பண்ணலாம். சர்சார்ஜ் போட்டா ஜனங்க செலவு கம்மியான வழிக்கு மாறுவாங்கன்னுதான் கணக்கு, ஆனா இப்ப ரொக்கம் வச்சிருக்கறவங்களே குறைவு, அப்புறம் யாரை எங்க இழுக்க இந்த சர்சார்ஜ்? 2025 ஜூலையில ரிசர்வ் பேங்க்கே விசா, மாஸ்டர்கார்டு, எஃப்ட்போஸ் (அந்த ஊர் டெபிட் கார்டு நெட்வொர்க்) மூணுக்கும் சர்சார்ஜை எடுத்துரலாம், இன்டர்சேஞ்சை 0.3%க்கு இறக்கிரலாம்னு யோசனை வச்சுது. என் கருத்து, காபிக்கு போற 1.5% நின்னாலே உங்களுக்கு லாபம், பாயிண்ட் இன்னும் குறைஞ்சாலும் பரவாயில்ல.

ஸ்கார்பரோ, டொராண்டோ வாசகி: வணக்கம் அண்ணா. இஞ்ச சில கடையள்ல கிரெடிட் கார்டு குடுத்தா ரெண்டு வீதம் கூடக் கேக்கினம். முந்தி இப்பிடி இல்ல. இது சட்டப்படி சரியோ?

சரிதான் தங்கச்சி, கியூபெக் மாகாணத்தைத் தவிர. கடைக்காரங்க விசா, மாஸ்டர்கார்டு மேல போட்ட வழக்கு சமரசத்துல முடிஞ்சு 2022 அக்டோபர் 6-லருந்து சர்சார்ஜ் போட உரிமை கிடைச்சுது. 2.4%க்கு மேல போகக் கூடாது, முன்கூட்டியே தெரியற மாதிரி போர்டு வச்சிருக்கணும். போர்டு இல்லாம பில்லுல மட்டும் சேர்த்தா தட்டிக் கேளுங்க. 2024 அக்டோபர்ல சின்ன வியாபாரிகளுக்கு கடையில நேர்ல தேய்க்கற கார்டுக்கு இன்டர்சேஞ்ச் சராசரி 0.95%க்கு இறங்குச்சு, ஆனா அங்க அரசாங்கம் கெட்டிக்காரத்தனமா கடைக்காரங்களுக்கும் குறைப்போம், உங்க பாயிண்டையும் காப்பாத்துவோம்னு பட்ஜெட்லயே எழுதுச்சு. ரெண்டு பக்கமும் ஓட்டு இருக்கே.

கோவை வாசகி: நகைக் கடையில கிரெடிட் கார்டுன்னா 2% எக்ஸ்ட்ரா ஆகும் மேடம்னு சொல்றாங்க. குடுக்கணுமா? இல்ல பாயிண்ட் வருதேன்னு குடுத்துரலாமா?

ஒரு லட்ச ரூபாய் நகைன்னு வச்சுக்குங்க, அவங்க கேக்கறது 2,000. உங்க கார்டு 1% தர்ற நல்ல கார்டுன்னே வச்சாலும் வர்றது 1,000, நகைக்கு பாயிண்டே இல்லைன்னு கண்டிஷன் போட்ட கார்டும் இருக்கு, உங்க கார்டோட விதிமுறையைப் பாருங்க. வருஷத்துக்கு இவ்வளவு செலவு பண்ணா கார்டு ஃபீஸ் தள்ளுபடின்னு ஏதாவது டார்கெட் முடிக்கணும்னா ஒழிய இது நஷ்டம்.

உரிமைன்னு பார்த்தா, டெபிட் கார்டுக்கு கஸ்டமர்கிட்ட கூட வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க்கே 2013-ல பேங்க்குகளுக்கு சொல்லிருச்சு. கிரெடிட் கார்டுக்கு நெட்வொர்க் ஒப்பந்தத்துல கூடாதுன்னு இருக்கு, ஸ்வைப் மெஷின் குடுத்த பேங்க்கிட்ட புகார் பண்ணலாம், மெஷின்ல வர்ற சீட்டுலயே அந்த பேங்க் பேர் இருக்கும். கடைக்காரர் பக்க நியாயத்தையும் சொல்லிரணும், இங்க ரூபே தவிர மத்த டெபிட் கார்டு கமிஷனுக்கு 2018 ஜனவரியிலருந்து வரம்பு இருக்கு, வருஷ விற்பனை 20 லட்சத்துக்கு மேலன்னா 0.90%, அதுவும் ஒரு பில்லுக்கு 1,000 ரூபாய்க்கு மேல போகாது. கிரெடிட் கார்டுக்கு வரம்பே கிடையாது. தங்கத்துல செய்கூலி சேதாரத்துல கிடைக்கறதுதான் அவருக்கு லாபம், மொத்த பில்லுல 2% போனா வலிக்கும். அவர்கிட்ட சண்டை போடறதை விட டெபிட் கார்டை நீட்டி "இப்ப எக்ஸ்ட்ரா கிடையாதில்ல?"ன்னு கேட்டுட்டு செய்கூலியில பேரம் பேசுங்க.

சேலம் வாசகர்: கரண்ட் பில், பெட்ரோல், இன்சூரன்ஸ் எதுக்கும் சரியா பாயிண்ட் தர்றதில்ல. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐல இணைச்சா வரும்னாங்க, அதுலயும் கம்மியாத்தான் வருது.

நீங்க சொன்ன மூணுலயும் பேங்க்குக்கு வர்ற இன்டர்சேஞ்ச் மத்த கடைகளை விட கம்மி, அதான் பாயிண்டும் கம்மி, இல்லன்னா மாசத்துக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பு. பெட்ரோல்ல இந்தக் கமிஷன் சண்டை பழசு, 2017 ஜனவரியில பங்க் ஓனருங்க கார்டே வாங்க மாட்டோம்னு அறிவிச்சு அப்புறம் அடங்கினாங்க. ரூபே கிரெடிட் கார்டு யுபிஐல சின்னக் கடைக்கு 2,000 ரூபாய் வரைக்கும் கமிஷன் கிடையாது. கமிஷன் வராத இடத்துல பாயிண்ட் எங்க இருந்து வரும்?

சென்னை, ஐடி ஊழியர்: ரெண்டு மாசமா மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வர்றேன். 50,000 ரூபாய் பாக்கி. பாயிண்ட் நிறைய சேர்ந்திருக்கு, அதை வச்சு பாக்கியை கொஞ்சம் குறைக்கலாமா?

குறைங்க, ஆனா பாயிண்டை நம்பி உக்காராதீங்க. மாசம் 3.75%ன்னா 50,000க்கு வட்டி 1,875 ரூபாய், அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 337.50, ஆக மாசம் 2,212 ரூபாய் 50 பைசா. 50,000 செலவு பண்ணதுக்கு வந்த பாயிண்ட் 1%ன்னா 500 ரூபாய், ஒரு தடவதான். வட்டி மாசாமாசம். பாக்கி இருக்கும்போது புதுசா வாங்கற சாமானுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது, வாங்கின அன்னைக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சுரும். பேங்க்ல பர்சனல் லோன் வட்டி இதுல பாதி கூட இருக்காது, அதை எடுத்து இதை முடிங்க.

இந்தியாவுல கார்டு வட்டிக்கு சட்ட வரம்பு இல்ல. 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் வருஷத்துக்கு 30%க்கு மேல வாங்கறது நியாயமில்லாத வணிகம்னு தீர்ப்பு சொல்லுச்சு, பேங்க்குங்க மேல போனாங்க, 16 வருஷம் இழுத்து 2024 டிசம்பர் 20-ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிருச்சு. எனக்கு அந்தத் தீர்ப்புல வருத்தம்தான். மலேசியாவுல பேங்க் நெகாரா (அந்த ஊர் ரிசர்வ் பேங்க்) விதிப்படி ஒழுங்கா கட்டறவருக்கு 15%, கொஞ்சம் தவறினா 17%, அதுக்கும் மேலன்னா 18%. இலங்கையில 2020-ல 18%னு வரம்பு போட்டாங்க, நெருக்கடி வந்ததும் அது நிக்கல, 2023 ஆகஸ்ட்ல 28%னு புதுசா போட்டாங்க. அமெரிக்காவுல 1978-ல சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல, பேங்க் எந்த மாநிலத்துல இருக்கோ அந்த மாநில வட்டியை நாடு முழுக்க வாங்கலாம்னு சொன்னதும் சிட்டிபேங்க் கார்டு தொழிலை நியூயார்க்ல இருந்து சௌத் டகோட்டாவுக்கு தூக்கிட்டுப் போச்சு, அங்கதான் வட்டி வரம்பை எடுத்திருந்தாங்க. பிரேசில்ல வருஷத்துக்கு 400%க்கு மேல போச்சு, கடைசியில 2024 ஜனவரியிலருந்து வட்டி, சார்ஜ் எல்லாம் சேர்த்து அசல் அளவைத் தாண்டக் கூடாதுன்னு நிறுத்தினாங்க. பாயிண்டுக்கு காசு வர்ற இன்னொரு வழி உங்களை மாதிரி பாக்கி வைக்கறவங்கதான், இதை மட்டும் சொல்லிட்டு விட்டுடறேன்.

கிள்ளான், மலேசியா வாசகர்: மாச சம்பளம் 2,800 ரிங்கிட். மூணாவது பேங்க்ல கார்டு தரமாட்டேங்கிறாங்க. ஏன்?

வருஷத்துக்கு 36,000 ரிங்கிட்டுக்குள்ள வாங்கறவங்க ரெண்டு பேங்க்லதான் கார்டு வச்சுக்கலாம், ஒவ்வொண்ணுலயும் லிமிட் மாச சம்பளத்துல ரெண்டு மடங்குதான், பேங்க் நெகாரா ரூல். சிங்கப்பூர்ல வருஷத்துக்கு 30,000 வெள்ளி வருமானம் இல்லாட்டி சாதாரண கார்டே கிடையாது. உங்களுக்கு மூணாவது தேவையும் இல்ல.

திருச்சி வாசகர்: ஒரு தனியார் பேங்க் கார்டை க்ளோஸ் பண்ணச் சொல்லி ஒரு மாசம் ஆச்சு. போன் பண்ணா புது ஆஃபர் சொல்றாங்களே தவிர மூடமாட்டேங்கிறாங்க.

பாக்கி எதுவும் இல்லாத பட்சத்துல ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், மூடலன்னா தாமதமாகற ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்கு பேங்க் குடுக்கணும், 2022-ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவு. தபால்ல எழுதி அனுப்புங்கன்னு கட்டாயப்படுத்தவும் கூடாது. போன்ல பேசறதை விட்டுட்டு தேதியோட மெயில் போடுங்க, அதுல இந்த 500 ரூபாயை குறிப்பிடுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) ஆன்லைன்லயே புகார் போடலாம், கட்டணம் இல்ல. அதுக்கு முன்னாடி அந்தக் கார்டுல பாயிண்ட் மிச்சம் இருந்தா எடுத்துருங்க, மூடின பிறகு கேட்டா தரமாட்டாங்க.